ஏழாம் துளையின் முதல் பெட்டி

கலியனுக்கு வயது ஐம்பத்திரண்டு. புனேயை அடுத்த சாங்வியில் தகரக் கூரை போட்ட ஒரு நீண்ட கொட்டகையில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பாறைகளைக் கழுவி அடுக்கி வருகிறார். பாலமோ, கட்டடமோ, நீர்த்தொட்டியோ எழுப்புவதற்கு முன் தரையைத் துளையிட்டு அடியில் என்ன இருக்கிறது என்று ஆராயும் நிறுவனம் ஒன்றின் கொட்டகை அது. துளையிடும் இயந்திரம் பாறையை உருளையாக வெட்டி மேலே கொண்டுவரும். அந்த உருளைத் துண்டுகளைக் கோர் என்பார்கள். அவை மரப்பெட்டிக்குள், தாளில் எழுத்து ஓடுவதுபோல, இடமிருந்து வலமாகவும் மேல் வரியிலிருந்து கீழ் வரிக்குமாக, ஆழத்தின் வரிசையில் அடுக்கப்பட்டுக் கொட்டகைக்கு வந்து சேரும். கலியன் கழுவுவார், உலர்த்துவார், ஒவ்வொரு துண்டின் மேலும் ஆழத்தை எழுதுவார், புகைப்படத்துக்கு வைப்பார். அதன் பிறகே நிலவியலாளர் வந்து பார்த்துப் பதிவுத்தாளை நிரப்புவார்.

என் முதுநிலை ஆய்வுக்காக ஏப்ரல் முதல் ஜூன் இறுதிவரை அந்தக் கொட்டகையில் இருந்தேன். இங்கே எழுதியிருப்பது என் நாட்குறிப்பிலிருந்தும், கலியனும் அவர் மனைவி பவுனும் பின்னர் சொன்னவற்றிலிருந்தும் தொகுத்தது. நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

கலியனின் தந்தை விழுப்புரம் மாவட்டத்திலிருந்து புனேயின் கடக்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். கலியன் பிறந்தது கடக்கியில். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. இருபத்திரண்டு வயதில் துளையிடும் குழுவில் சேர்ந்து, மராட்டியத்திலும் கர்நாடகத்திலும் பதினோரு ஆண்டுகள் இயந்திரத்தோடு அலைந்தார். இரும்புக்குழாய் சரிந்து வலத்தோள் இறங்கியபின் கொட்டகைக்கு மாற்றப்பட்டார். ஒரே இடத்தில் ஐந்து நிமிடம் உட்கார அவரால் முடியாது. தேநீரைக்கூட அலமாரிகளுக்கு நடுவே நடந்துகொண்டே குடிப்பார்.

அந்த அலமாரிகளை அவர் தாமே வகுத்திருந்தார். பெட்டிகளைத் திட்ட எண்ணின்படிதான் அடுக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. அதன்படியே அடுக்கினார். ஆனால் ஒவ்வொரு பெட்டியின் ஓரத்திலும் சுண்ணக்கட்டியால் மூன்று சொற்களில் ஒன்றை எழுதிவைத்தார்: ஊத்துனது, உள்ள ஒறஞ்சது, வெந்தது. நான் சேர்ந்த முதல் வாரத்தில் இதைக் கண்டு சிரித்தேன். இரண்டாம் வாரம் என் குறிப்பேட்டில் அதைப் பாடநூல் வகைப்பாட்டுக்கு எதிரே எழுதிப் பார்த்தேன். பிழை ஏதும் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஊற்றியது என்பது எரிமலைக் குழம்பு தரைமேல் பாய்ந்து உறைந்த தீப்பாறை. காற்றுப்பட்டு விரைவாகக் குளிர்வதால் அதில் படிகங்கள் வளர நேரம் இருக்காது. கண்ணுக்குத் தெரியாத மணிகளால் ஆன கரிய பசால்ட் அப்படிப் பிறந்தது. புனேயின் அடியில் இருப்பதெல்லாம் அதுதான். ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் ஒன்றின்மேல் ஒன்றாகப் பாய்ந்த குழம்பின் அடுக்குகள். உள்ளே உறைந்தது என்பது அதே குழம்பு நிலத்துக்குள்ளேயே தங்கி, மெல்ல மெல்லக் குளிர்ந்து, பெரிய படிகங்களை வளர்த்துக்கொண்டது. கிரானைட் அவ்வகை. வெந்தது என்று அவர் எழுதியது உருமாறிய பாறையை. உருகாமல், ஆனால் வெப்பத்திலும் அழுத்தத்திலும் கிடந்து, தன் கனிமங்களை வேறு வரிசையில் அமைத்துக்கொண்ட கல். பெங்களூர்த் திட்டத்திலிருந்து வந்த, நைஸ் என்னும் உருமாறிய பாறையின் கோர்களில் வெள்ளையும் கறுப்பும் பட்டைபட்டையாக ஓடும்.

"வெந்ததுக்குக் கோடு இருக்கும். ஊத்துனதுக்குக் குமிழி இருக்கும். உள்ள ஒறஞ்சதுக்குக் கண்ணு இருக்கும்," என்றார் ஒருமுறை. "ஆனா கொட்டகைக்கு வர்றதுல நூத்துக்குத் தொண்ணூறு ஊத்துனதுதான். நம்ம ஊரு அப்பிடி."

அவருடைய பெட்டிகள் நிறுவனத்தில் பேர்பெற்றவை. புகைப்படத்தில் சேறு ஒரு பொட்டுக்கூட இருக்காது. கழுவித் துடைத்த பசால்ட் ஈரத்தில் பளபளக்கும். மேலாளர் கோவிந்தராஜன், புதிதாக வருகிறவர்களிடம் அந்தப் படங்களைத்தான் முன்மாதிரியாகக் காட்டுவார்.

ஜூன் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மாலை நான்கு மணி இருக்கும். என் ஆய்வின் பொருள், துளையிட்ட நீளத்தில் எவ்வளவு கோர் கைக்குக் கிடைக்கிறது என்பது. அதற்காகத் துளையிடுபவர் களத்தில் எழுதும் தினத்தாளையும், நிலவியலாளர் கொட்டகையில் எழுதும் பதிவுத்தாளையும் வரிக்குவரி ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். கடக்வாஸ்லா சாலைக்கு மேலே ஒரு மலைச்சரிவில் நானூறு வீடுகளுக்கான நீர்த்தொட்டி வருகிறது. அந்தத் திட்டத்தில் மொத்தம் ஏழு துளைகள். ஆறு துளைகள் குழாய் போகும் வழியில். தொட்டி நிற்கும் இடத்தில் போட்டது ஏழாவது ஒன்றுதான். அதில் நாலரை மீட்டரிலிருந்து ஆறு மீட்டர் வரை துளையிட்டபோது ஒரு மீட்டர் நாற்பத்தாறு சென்டிமீட்டர் கோர் கிடைத்ததாகக் களத்தாள் சொல்கிறது. பதிவுத்தாளில் அதே பகுதிக்கு ஒரு மீட்டர் இருபத்திரண்டு.

கலியன் அருகில் வேறொரு பெட்டியைத் தூரிகையால் தேய்த்துக்கொண்டிருந்தார். எந்த உள்நோக்கமும் இல்லாமல் கேட்டேன்.

"அண்ணே, இந்த இருபத்து நாலு சென்டிமீட்டர் எங்க போச்சு?"

"யாரு ட்ரில்லரு?"

"ஸ்டீபன்."

"ட்ரில்லருங்க ஏத்தித்தான் எழுதுவாங்க," என்றார். தூரிகை நின்றுவிட்டது. "எந்தத் துளை?"

"ஏழு. முதல் பெட்டி."

அவர் துடைப்பத்தை எடுத்தார். ஏற்கெனவே பெருக்கிய தரையை மறுபடி பெருக்கினார். ஏழாம் துளையின் பெட்டி இருந்த அலமாரிவரை போனார், தொடாமல் திரும்பி வந்தார். ஐந்து மணிக்கு வழக்கமான தேநீரை வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். பேருந்து நிறுத்தத்தைத் தாண்டி அவர் நடந்துபோவதை வாசலிலிருந்து பார்த்தேன்.

வீட்டில் நடந்ததைப் பவுன் பின்னர் சொன்னார். பவுன் மகர்பட்டாவில் ஒரு கணினி நிறுவனத்தின் உணவகத்தில் சப்பாத்திப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவர். இரண்டு பேருந்து மாறி ஏழு மணிக்கு வீடு வந்தபோது, கணவர் கழுவுதொட்டியின் முன் நின்று ஒரே தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாராம்.

"ஏங்க, அந்தத் தட்டு என்னா பாவம் பண்ணுச்சு? கல்லுன்னு நெனச்சிக்கினீங்களா?"

கலியன் தட்டை வைத்தார். "ஒரு பெட்டியில மண்ணு இருந்துது பவுனு. கழுவிட்டன்."

"அதுக்குத்தான உங்கள அங்க வச்சிருக்காங்க?"

"மேல ஒட்டுன மண்ணு இல்ல. உள்ளேர்ந்து வந்த மண்ணு. அஞ்சு மீட்டரு ஆழத்துல ரெண்டு பாறைக்கும் நடுவால இருந்தது."

"சரி, இப்ப இல்ல. அதனால என்னா?"

"பாறைன்னு நெனச்சி அதுமேல தொட்டி கட்டறாங்க. வெள்ளிக்கெழம காங்கிரீட்டு. தொட்டி எப்பவாச்சும் ஒழுகும், ஒழுகாத தொட்டி எது? தண்ணி உள்ள எறங்குனா அந்த மண்ணு ஊறி, உப்பி, கொழகொழன்னு ஆயிடும்."

பவுன் பையிலிருந்த டப்பாக்களை எடுத்து வைத்தார். "அப்ப போயிச் சொல்லுங்க."

"சொன்னா? பத்தொம்பது வருசமா கலியன் பெட்டின்னாலே சுத்தம்னு பேரு. இதச் சொல்லிட்டா அப்புறம் எந்தப் பெட்டிய நம்புவாங்க? வேலையே இருக்காது."

"சொல்லலன்னா?"

கலியன் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடக்கத் தொடங்கினார்.

"எனக்கு நாளைக்கு எண்ணூறு பேருக்குச் சப்பாத்தி," என்றார் பவுன். "நான் சாப்புட்டுப் படுக்கறன். நீங்க நடங்க. நடந்து முடிச்சிட்டு, சொல்றதா இல்லியான்னு மட்டும் காலையில எனக்குச் சொல்லுங்க."

மே இருபத்தேழாம் தேதி அந்தப் பெட்டி வந்த நாளை அவர் எனக்குப் பலமுறை விவரித்தார். கடும் வெயில். ஒரே லாரியில் ஒன்பது பெட்டிகள். சாலை போடக் கொட்டியிருந்த முருமு என்ற செஞ்சரளையின் புழுதி எல்லாப் பெட்டிகளின் மேலும் செம்மையாகப் படிந்திருந்தது. நீர்க்குழாயைத் திறந்து முதலில் பெட்டிகளின் மேல் பாய்ச்சினார், எப்போதும் செய்வதுபோல. சிவப்பாக ஓடியது. எப்போதும்தான் ஓடும். ஆனால் இந்தப் பெட்டியில் சிவப்பு நிற்கவில்லை. தூரிகையின் அடியில் ஒரு துண்டு சோப்பைப்போல வழுவி, குறைந்து, இல்லாமற்போனது. அவர் கை சிறிது நேரம் தயங்கியது. பிறகு மீதித் துண்டுகளை நேர்ப்படுத்தி, இடைவெளியில் ஒரு மரத்துண்டை வைத்து, அடுத்த பெட்டிக்குப் போனார்.

புதன்கிழமை காலை அவர் எனக்கு முன்பே வந்திருந்தார். நான் நுழையும்போது ஸ்டீபனிடம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். ஸ்டீபன் நாமக்கல்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும், அப்போது சாஸ்வட் பக்கம் வேறொரு துளையில் இருந்தார். ஒலிபெருக்கி போடப்பட்டிருந்ததால் இயந்திரத்தின் இரைச்சலும் சேர்ந்து கேட்டது.

"ஏழாம் நம்பர்ல நாலரைக்குக் கீழ என்னா வந்துது தம்பி?"

"லால் மாட்டிங்ணா, செம்மண்ணு. செங்கல் கணக்கா. முழுசா வந்துச்சு. தண்ணியக் கொறச்சு, சுத்தறதக் கொறச்சு, ஒரு மணி நேரம் உசுரக் குடுத்து எடுத்தனுங். அத ஒடையாம எடுக்கறது என்ன பாடுன்னு உங்களுக்கே தெரியுமல்ல?"

"சீட்டுல என்னா எழுதின?"

"ஒன்னு நாப்பத்தாறுன்னு."

"செகப்புன்னு எழுதினியா?"

"அதான் பெட்டியத் தொறந்தா கண்ணுக்குத் தெரியுமேன்னு விட்டுட்டனுங்ணா. ஏன், என்னாச்சு?"

"ஒன்னுமில்ல. வேலையப் பாரு."

அதன் பிறகுதான் அவர் பெட்டியை அலமாரியிலிருந்து இறக்கினார். மரத்துண்டுக்கு இருபுறமும் இருந்த இரு கோர்களையும் எடுத்து, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், முனைகளை ஆராய்ந்தார். என்னையும் பார்க்கச் சொன்னார்.

மேல்துண்டின் கீழ்முனையில், விரல் நீளத்துக்கு மெல்லிய குழல்கள் நிமிர்ந்து நின்றன. வெள்ளைக் கனிமம் அவற்றை நிரப்பியிருந்தது. ஈரத் தரைமேல் பாயும் குழம்பின் அடியில் ஆவி மேலெழ முயலும்போது இத்தகைய குழல்கள் உண்டாகும். ஒரு பாய்ச்சலின் அடிப்பகுதி என்பதற்கு அது சாட்சி. கீழ்த்துண்டின் மேல்முனை முழுவதும் உருண்டையான குமிழ்த்துளைகள். நிறமும் கரியதல்ல, மங்கிய செம்மை. குழம்பிலிருந்த வாயு மேலே வந்து சேரும் இடம் பாய்ச்சலின் மேற்புறம். காற்றுப்பட்டு அதன் இரும்பு துருவேறும். ஆக, பதிவுத்தாளில் ஒரே பாறை என்று எழுதப்பட்டிருந்தது உண்மையில் இரண்டு. முந்தைய பாய்ச்சல் உறைந்தபின் நெடுங்காலம் அது வெறும் தரையாகக் கிடந்திருக்கிறது. மழை பெய்து, கல் மக்கி, மண்ணாகி, பிறகு அடுத்த குழம்பு வந்து அந்த மண்ணைச் சுட்டு மூடியிருக்கிறது.

சுடப்பட்ட அந்தச் செம்மண்ணை எந்த வகையில் சேர்ப்பது என்பதில் நூல்களே ஒத்துப்போவதில்லை. அது தீப்பாறையிலிருந்து வந்தது, ஆனால் தீப்பாறை அல்ல. வெப்பம் தீண்டியது, ஆனால் உருமாறிய பாறை என்று சொல்லுமளவுக்கு மாறவும் இல்லை. பாதி வெந்தது என்றார் கலியன்.

துண்டுகளைப் பெட்டியில் வைத்துவிட்டு மணி பார்த்தார். நிலவியலாளர் ப்ரீதி பதினொன்றரைக்கு வருவார். ஏழு துளைகளையும் ஒரே நாளில் பார்த்துப் பதிவுத்தாளில் கையெழுத்திட்டவர் ப்ரீதிதான். இருபத்தொன்பது வயது. தஞ்சாவூர்க் குடும்பம், புனேயிலேயே வளர்ந்தவர். வீட்டில் பேசுவதால் தமிழ் வரும், படிக்க வராது.

கலியன் மூன்று முறை அவரிடம் போனார். முதல்முறை தேநீர் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பினார். இரண்டாம் முறை, "மேடம், வெள்ளிக்கெழம காங்கிரீட்டு உறுதிதானா? மழை வருதே," என்றார். மழை பெய்தாலும் போடுவார்கள் என்று பதில் வந்தது. மறுபடி திரும்பினார். மூன்றாம் முறை மேசையைச் சுற்றி வந்தபோது ப்ரீதி பேனாவை வைத்தார்.

"கலியன் அண்ணா, என்ன இன்னைக்கு? ரிக்‌ஷா மாதிரி சுத்திண்டே இருக்கீங்க. எனக்கே தலை சுத்தறது."

"ஏழாம் நம்பர் பெட்டிய ஒருவாட்டி பாருங்க மேடம்."

"அது ரிப்போர்ட் போய் ஒரு வாரம் ஆச்சு."

"தெரியும். அதான் சொல்றன்."

ப்ரீதி முனைகளைப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பெட்டியின் அருகிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். "இது அடி. இது மண்டை. ரெண்டு ஃப்ளோ. அரே, இதை நான் எப்படிப் பாக்காம விட்டேன்?"

"நடுவுல ஒன்னும் இல்லன்னா யாருக்கும் தோணாது மேடம். இருந்துது. நான் கழுவிட்டன்."

"என்ன?"

"கழுவிட்டன். செகப்பா ஓடிச்சு. கைக்கு அடியில சோப்பு மாதிரி போச்சு. ரோட்டு முருமுன்னு நெனச்சன்."

"நெனச்சீங்களா? இல்ல, நெனச்சதா இப்போ சொல்றீங்களா?"

கலியன் தூரிகையைத் தேடி எடுத்தார், பிறகு அதைக் கீழே வைத்தார். "பாதி நெனச்சன்," என்றார்.

ப்ரீதி கத்தவில்லை. கத்தியிருந்தால் கொட்டகை இலேசாகியிருக்கும் என்று அன்று எழுதிவைத்திருக்கிறேன். அவர் விரலால் பெட்டியின் ஓரத்தைத் தட்டிக்கொண்டே கணக்கிட்டார். அடித்தளம் நாலரை மீட்டரில். செம்மண் ஐந்தே கால் மீட்டரில். நடுவில் முக்கால் மீட்டர் பாறை மட்டும். அதன்மேல் நீர் நிரம்பிய தொட்டி.

"ரிப்போர்ட்ல என் கையெழுத்து இருக்கு," என்றார் கடைசியில். "கேளுங்க. கூடுதல் உறுதிக்காகப் பக்கத்துல ஒரு செக் போர் போடறோம்னு சொல்றேன். அதுல செகப்பு வந்தா, முதல் தடவை துளை போடறப்போவே கோர் லாஸ், இப்போ கிடைச்சுது, அவ்வளவுதான். யார் கழுவினான்னு யாரும் கேக்கப்போறதில்ல. உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

"தொட்டிக்கு நல்லதுன்னா சரி மேடம்," என்றார் கலியன். அப்போது அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது என்று நினைத்தேன். ஆனால் அன்று மாலை மட்டும் அவர் கொட்டகையை நான்கு முறை பூட்டித் திறந்து பார்த்தார்.

ஜூன் பதின்மூன்று, வியாழக்கிழமை. சாஸ்வட்டிலிருந்து இயந்திரம் விடியலிலேயே கொண்டுவரப்பட்டிருந்தது. நாங்கள் பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். கலியனை யாரும் அழைக்கவில்லை. நிறுவனத்தின் வண்டியில் கோர் பெட்டிகளோடு அவரே ஏறி உட்கார்ந்துகொண்டார். சரிவில் தூறல். தொட்டியின் தூண்களுக்கான குழிகளில் கம்பி கட்டி முடிந்திருந்தது. மறுநாள் காங்கிரீட் ஊற்ற ஆட்கள் பலகை அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒப்பந்ததாரரின் பொறியாளர் ஷபானா, குடையைக் கழுத்தில் சாய்த்துக்கொண்டு, எங்களைப் பார்த்ததும் கைக்கடிகாரத்தைக் காட்டினார். அவர் பேசியதெல்லாம் இந்தி.

ஸ்டீபன் இயந்திரத்தை ஓட்டினார். மூன்று மீட்டர், நான்கு மீட்டர், நாலரை. கரிய கல் மட்டுமே வந்தது. கலியன் இயந்திரத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். ஓரிடத்தில் ஓசை மாறியது. கல்லைத் தின்னும் கரகரப்பு போய் மந்தமான ஒரு முனகல். ஸ்டீபன் கையை உயர்த்தித் தண்ணீரைக் குறைக்கச் சொன்னார். கலியன் நடப்பதை நிறுத்தினார். அதன்பின் நாற்பது நிமிடம் அவர் நகரவில்லை. அவரை நின்ற நிலையில் அவ்வளவு நேரம் நான் அதற்குமுன் கண்டதில்லை.

குழாயிலிருந்து கோரைத் தகரத்தட்டில் இறக்கினார்கள். அறுபத்தாறு சென்டிமீட்டர் கரிய பசால்ட். அடியில் குழல்கள். அதற்குக் கீழே, செங்கல் நிறத்தில், முப்பத்தொரு சென்டிமீட்டர். தூறல் பட்ட இடத்தில் உடனே கசிந்து கைவிரலில் ஒட்டியது. ப்ரீதி தன் மழைக்கோட்டைக் கழற்றி அதன்மேல் போட்டார்.

ஷபானா குனிந்து பார்த்தார். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. தொலைபேசியை எடுத்து, மறுநாள் கலவை லாரி வேண்டாம் என்று சொல்லி வைத்தார். பிறகு நிமிர்ந்து, அப்படியானால் முதல் துளையில் இது எங்கே போயிற்று என்று கேட்டார்.

"ட்ரில்லிங் லாஸ்," என்றார் ப்ரீதி, தரையைப் பார்த்தபடி.

ஷபானா ஸ்டீபனின் பக்கம் திரும்பினார். சரியாக ஓட்டத் தெரியாதவர்களை அனுப்பிவிட்டு எங்கள் உயிரை வாங்குகிறீர்கள், நாளைக்கு இந்தத் தொட்டி சரிந்தால் இந்த ஆளா வந்து தாங்குவான் என்று பொரிந்தார். ஸ்டீபனுக்கு இந்தி அரைகுறை. ஆனால் லாஸ் என்ற சொல் புரிந்திருந்தது, விரல் தன்னைக் காட்டுவதும் புரிந்தது. அவர் ப்ரீதியைப் பார்த்தார், பிறகு கலியனைப் பார்த்தார்.

"என்னுங்ணா சொல்றாங்க? நான் எங்க விட்டேன்? முழுசாத்தானே குடுத்தேன்?"

ப்ரீதி குனிந்து கோர் மேலிருந்த மழைக்கோட்டைச் சரிசெய்தார்.

"மஷீன் மே நஹி கயா," என்றார் கலியன். இயந்திரத்தில் போகவில்லை. மெதுவாகச் சொன்னதால் ஷபானா மறுபடி கேட்க வேண்டியிருந்தது. "மைனே தோயா. கோர் பெட்டியில முழுசா இருந்துது. நான்தான் கழுவுனன்." பாதி இந்தியும் பாதி தமிழுமாக அதை மூன்று முறை சொன்னார். பிறகு ஸ்டீபனிடம், "உன்மேல ஒன்னுமில்ல தம்பி. நீ ஒழுங்காத்தான் எடுத்த," என்றார்.

"என்ன பைத்தியம் மாதிரி கழுவினீங்க?" என்று ஸ்டீபன் அங்கேயே கத்தினார். "ஒரு மணி நேரம்ணா! ஒரு மணி நேரம் நான் அதுக்குத் தவம் கெடந்தேன்!"

"கத்து. நல்லாக் கத்து," என்றார் கலியன்.

திரும்பி வரும் வழி. சாலையில் நெரிசல். ப்ரீதி மடிமேல் வைத்திருந்த பதிவுத்தாளில், கோர் லாஸ் என்ற சொற்களை அடித்துவிட்டு, கழுவும்போது இழந்தது என்று ஆங்கிலத்தில் எழுதினார். அதன் கீழே, பார்க்கத் தவறியது என்று இன்னொரு வரி எழுதித் தன் பெயரைப் போட்டார்.

அடித்தளத்தைச் செம்மண்ணுக்குக் கீழே, ஆறு மீட்டருக்குக் கொண்டுபோவது என்று முடிவாயிற்று. பதினேழாம் தேதி கோவிந்தராஜன் கொட்டகைக்கு வந்தார். இனிக் கழுவுவதற்கு முன் ஒரு புகைப்படம் எடுக்க வேண்டும், நிலவியலாளர் பார்க்காமல் எந்தப் பெட்டியிலும் நீர் படக்கூடாது என்று ஒரு தாளைச் சுவரில் ஒட்டினார். கழுவும் வேலையிலிருந்து கலியன் விலக்கப்பட்டார். அவரை வைத்துக்கொள்வதா என்பது மாத இறுதியில் தெரியும் என்றார். கலியன் தலையசைத்தார்.

அன்று மதியமே என்னிடம் வந்தார்.

"உங்க லிஸ்ட்டுல, ரெண்டு கறுப்புக் கல்லுக்கு நடுவால கோர் காணோம்னு எழுதியிருக்கறது மட்டும் எத்தினி?"

"எதுக்கு அண்ணே?"

"இது ஒன்னுதான்னு எப்பிடித் தெரியும்?"

நான் அதை அதுவரை யோசித்திருக்கவில்லை. எண்ணிப் பார்த்தேன். பத்து சென்டிமீட்டருக்கு மேல் இழப்பு என்று எழுதப்பட்டவை, அவர் கழுவியவை, ஐம்பத்தேழு. ஆறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பெட்டிகளை நிறுவனம் வைத்திருப்பதில்லை. அந்தக் கோர்கள் ஏதோ ஒரு பள்ளத்தை நிரப்பப் போய்விட்டன. அதற்கு முந்தைய பதின்மூன்று ஆண்டுகளைப் பற்றி யாரும் எதுவும் சொல்ல முடியாது. இதைச் சொன்னபோது அவர் அலமாரிகளின் கடைசிவரை நடந்து திரும்பி வந்தார்.

"இருக்கறதப் பாப்பம்," என்றார்.

அடுத்த பதினொரு நாள்களும் அதையே செய்தோம். நான் பதிவுத்தாளைப் படிப்பேன். அவர் பெட்டியை இறக்கி, இடைவெளியின் இருபுறத்து முனைகளையும் வெளிச்சத்தில் பார்ப்பார். துளையிடும்போதே அரைபட்டுப் போயிருந்தால் முனைகள் ஒன்றோடொன்று சுழன்று உருண்டிருக்கும். அப்படி இருந்தால் அவர் மூச்சு விடுவது கேட்கும். பெரும்பாலும் அப்படித்தான் இருந்தன. ஒன்பதாவது பெட்டியில் அப்படி இல்லை. மேல்துண்டில் குழல்கள், கீழ்த்துண்டில் சிவந்த குமிழிகள். பிம்ப்ரியில் நான்கு மாடிப் பள்ளிக் கட்டடம், மூன்று ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. செம்மண் அடித்தளத்துக்கு எட்டு மீட்டர் கீழே இருந்ததால் பாதிப்பில்லை என்று ப்ரீதி கணக்கிட்டுச் சொன்னார். அவர் சொன்ன பிறகும் அன்று கலியன் சாப்பிடவில்லை. இருபதாவது பெட்டியிலும் அதே முனைகள். இம்முறை ப்ரீதி கணக்கிட்டுவிட்டு எதுவும் சொல்லாமல், கட்டடக்காரர்களுக்கு ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்யத் தொடங்கினார்.

இதற்கிடையே பவுன் ஒருநாள் விடுப்பெடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். கணவர் சொன்ன கல்லைப் பார்க்க வேண்டுமாம். இரு முனைகளையும் காட்டினோம். குழல்களை விரலால் தடவிப் பார்த்தார்.

"இவ்ளோ தெளிவாத் தெரியுதே. அன்னிக்கே ஏங்க பாக்கல?"

"அன்னிக்கு நான் அழுக்கப் பாத்தன்," என்றார் கலியன்.

"எண்ணூறு சப்பாத்தியில ஒன்னு கருகுனா எடுத்துத் தூரப் போட்டுட்டு நான் தூங்கிடுவன்," என்று பவுன் என்னிடம் சொன்னார். "இவருக்கு அந்தக் குடுப்பின இல்ல."

ஜூன் இருபத்தெட்டு, வெள்ளிக்கிழமை, கொட்டகையில் என் கடைசி நாள். மாத இறுதியும் நெருங்கியிருந்தது. அலுவலகத்திலிருந்து எந்தத் தகவலும் வரவில்லை. ஐந்து மணிக்கு என் பட்டியலில் முப்பத்தொரு பெட்டிகள் முடிந்திருந்தன, இருபத்தாறு மீதி. மழை வலுத்து, தகரக் கூரையில் பேச்சே கேட்கவில்லை. நான் தாள்களை அடுக்கிப் பைக்குள் வைக்கத் தொடங்கினேன்.

"மீதிய நாளைக்குப் பார்த்துக்கலாமே அண்ணே. நான் ஒரு நகல் எடுத்து வச்சிட்டுப் போறேன்."

அவர் முப்பத்திரண்டாவது பெட்டியை ஏற்கெனவே பாதி இறக்கியிருந்தார். வலத்தோள் வலிக்க, இடக்கையால் அதைத் தாங்கிக்கொண்டே தலையால் என் பையைக் காட்டினார்.

"நாளைக்கு நான் இங்க இருக்கறனோ இல்லியோ. தாள வெளிய எடுங்க. இது எத்தினி மீட்டர்ல?"